எட்டு கிராம்

2016 மே 23ஆம் தேதி ஆறாவது முறையாக முதலமைச்சரானதும் ஜெயலலிதா சில கோப்புகளில் கையெழுத்துப் போட்டார். சிறு, குறு விவசாயிகளின் கூட்டுறவுப் பயிர்க்கடன் தள்ளுபடி, வீடுகளுக்கு 100 யூனிட் இலவச மின்சாரம், 500 டாஸ்மாக் கடைகளுக்குப் பூட்டு என்று போன வரிசையில் இன்னொன்றும் இருந்தது. ஏழைப் பெண்ணின் தாலிக்கு அரசு கொடுத்துவந்த தங்கம் 4 கிராமிலிருந்து 8 கிராமாக உயர்ந்தது. சாராயக் கடையும் தாலியும் ஒரே நாளில் ஒரே பேனாவில் முடிவானதை யாரும் பெரிதாகப் பேசவில்லை. அடகுக் கடைக்குப் போய் வந்த பெண்களுக்கு அந்த இரண்டுக்கும் உள்ள உறவு தெரியும்.

22 காரட் நாணயம், 8 கிராம், ஊர்க் கணக்கில் ஒரு சவரன். அந்த நாணயங்களில் ஒன்று சென்னைப் புறநகர் திருமுல்லைவாயிலில் ஒரு வீட்டுக்கு வந்தது என்று வைத்துக்கொள்வோம். வீட்டுக்காரர்களின் பெயர் வேண்டாம். சி.டி.எச். சாலையை ஒட்டிய எந்தத் தெருவில் விசாரித்தாலும் இந்தக் கதையின் ஏதாவது ஒரு துண்டு கிடைக்கும். எல்லாத் துண்டுகளையும் ஒரே வீட்டில் சேர்த்துவைத்தது மட்டும் என் வேலை.

நாணயத்துக்குப் பூர்வீகம் என்று ஒரு ஊரைச் சொல்ல முடியாது. கோலார் தங்கவயல் 2001இல் மூடப்பட்டது. அதற்கு முன்பும் நம் கழுத்துகளுக்கு வேண்டியதில் மிகச் சிறிய பங்கைத்தான் அது கொடுத்தது. இன்று இந்தியா ஆண்டுதோறும் நூற்றுக்கணக்கான டன் தங்கத்தை இறக்குமதி செய்கிறது. அதில் பெரும்பங்கு சுவிட்சர்லாந்துச் சுத்திகரிப்பு ஆலைகளின் வழியாக வருகிறது. மிச்சம் பழைய நகை. உருக்கிய பிறகு தங்கத்துக்கு ஞாபகம் கிடையாது. யாரோ ஒரு பாட்டியின் காசுமாலை, ஏலத்தில் போன ஒரு வளையல், ஆப்பிரிக்காவில் தோண்டியெடுத்த ஒரு துளி, எல்லாம் அந்த 8 கிராமில் இருக்கலாம். இந்தத் தங்கப் பசியை அடக்க அரசு ஒரு முறை முயன்றது. சீனப் போர் முடிந்த கையோடு, 1963 ஜனவரியில், நிதியமைச்சர் மொரார்ஜி தேசாய் தங்கக் கட்டுப்பாட்டு விதிகளைக் கொண்டுவந்தார். புது நகை 14 காரட்டுக்கு மேல் செய்யக் கூடாது என்றார். பத்தர்களின் பிழைப்பு போனது. கல்யாணங்கள் நிற்கவில்லை. 22 காரட் கள்ளத்தனமாக வந்து சேர்ந்தது. தங்கக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1990இல் ஒழிந்தது. அரசே 22 காரட் வாங்கிக் கல்யாணப் பெண்ணுக்குக் கொடுக்கும் காலம் அதற்குப் பிறகு இருபத்தோரு ஆண்டுகளில் வந்துவிட்டது.

கொடுத்த திட்டத்தின் பெயர் மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் நினைவுத் திருமண உதவித் திட்டம். 1989இல் கருணாநிதி ஆட்சியில் தொடங்கியபோது 5,000 ரூபாய். பெண் எட்டாவது வரையாவது படித்திருக்க வேண்டும். பிறகு தொகையும் ஏறியது, படிப்புத் தகுதியும் பத்தாவதாக ஏறியது. 2011இல் தங்கம் சேர்ந்தது. பத்தாவது படித்தவளுக்கு 25,000 ரூபாய், பட்டமோ டிப்ளமோவோ வாங்கியவளுக்கு 50,000 ரூபாய், இருவருக்கும் தங்கம் ஒரே அளவு.

பெயருக்குரிய அம்மையாரைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். 1883இல் பிறந்தவர். பொட்டுக் கட்டும் வழக்கத்துக்குள் வளர்ந்து, அதை உடைத்துக்கொண்டு வெளியே வந்தவர். கோயிலில் ஒரு சிறுமியின் கழுத்தில் பொட்டுத்தாலி ஏறினால் அவள் வாழ்க்கை என்ன ஆகும் என்பதை ஊர் ஊராகப் போய்ச் சொன்னார். ‘தாசிகள் மோசவலை அல்லது மதிபெற்ற மைனர்’ என்று 1936இல் ஒரு நாவலே எழுதினார். 1938இல் இந்தி எதிர்ப்புப் படையோடு திருச்சியிலிருந்து சென்னைக்கு நடந்து வந்தார். அவர் இருந்த சுயமரியாதை இயக்கம் தாலியே தேவையில்லை என்று மேடை போட்டுச் சொன்ன இயக்கம். தாலி இல்லாமல் மாலை மாற்றி நடக்கும் சுயமரியாதைத் திருமணமும் செல்லும் என்று 1967இல் அண்ணா சட்டமே கொண்டுவந்தார். ஆக, கழுத்தில் கட்டிய பொன்னைக் கழற்றப் போராடியவரின் பெயரில், கழுத்தில் கட்டப் பொன் வழங்கியது தமிழ்நாடு. இதை முரண் என்று சொல்லிச் சிரித்துவிடலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பத்தாவது பாஸ் என்ற நிபந்தனைக்காகவே எத்தனையோ அப்பாக்கள் மகளை ஒன்பதாவதோடு நிறுத்தாமல் விட்டார்கள். அந்த அம்மாள் இருந்திருந்தால் தாலியைத் திட்டிவிட்டுப் பள்ளிக்கூடத்தை ஒப்புக்கொண்டிருப்பார்.

நம் வீட்டில் இரண்டு பெண்கள். மூத்தவள் பன்னிரண்டாவது முடித்துவிட்டு அம்பத்தூர் எஸ்டேட்டில் ‘எக்ஸ்போர்ட்’ வேலைக்குப் போனாள். எக்ஸ்போர்ட் என்றால் இங்கே ஆயத்த ஆடைக் கம்பெனி. காலையில் மின்சார ரயிலில் ஏறி இரண்டாவது ஸ்டேஷனான பட்டரவாக்கத்தில் இறங்கினால் எஸ்டேட். சம்பளம் அம்மா கைக்கு வந்தது. அம்மா அதைச் சீட்டுக்குக் கட்டினாள். சீட்டு கல்யாணத்துக்கு. திண்டுக்கல், கோவைப் பக்கத்து நூற்பாலைகளில் இதையே ஆலைக்காரர்கள் ஒரு திட்டமாக நடத்தி, ‘சுமங்கலி’ என்று பெயர் வைத்து, மூன்று வருடம் விடுதியில் அடைத்து வேலை வாங்கிக் கடைசியில் மொத்தமாக ஒரு தொகை கொடுத்தார்கள். அதைக் கொத்தடிமைத்தனம் என்று தொழிற்சங்கங்கள் எதிர்த்தன. திருமுல்லைவாயிலில் விடுதி இல்லை, அடைப்பும் இல்லை. ஆனாலும் மூத்தவளின் நான்கு வருடச் சம்பளம் போய்ச் சேர்ந்த இடம் அதேதான்.

மாப்பிள்ளை லேத் பட்டறையில் வேலை பார்த்தவர். பெண் பார்க்க வந்த அன்று பஜ்ஜி தட்டு காலியாகும் முன்பே மாப்பிள்ளையின் அத்தை கேட்டுவிட்டாள். “பொண்ணுக்கு எத்தனை சவரன் போடுவீங்க?” கேட்டது வரதட்சணை இல்லை, உங்கள் பெண்ணுக்கு நீங்கள் போடுவதைத்தான் கேட்கிறோம் என்பது இதற்கு எப்போதும் தயாராக இருக்கும் விளக்கம். 1961ஆம் ஆண்டின் வரதட்சணைத் தடைச் சட்டம் இந்த வாக்கியத்தின் மேல் கை வைக்க முடியாமல் அறுபது வருடமாக நிற்கிறது. அப்பா ஏழு என்றார். அம்மா சமையல்கட்டிலிருந்து, “கவர்மென்டு ஒண்ணு குடுக்குது, எட்டுன்னு வச்சுக்குங்க” என்றாள்.

இந்த இடத்தில்தான் திட்டத்தின் கணக்கு வழுக்கியது. நம் பக்கத்தில் பெரும்பாலான சாதிகளில் தாலி வாங்குவது மாப்பிள்ளை வீட்டார் பொறுப்பு. அரசோ திருமாங்கல்யத்துக்கு என்று சொல்லிப் பெண் வீட்டாரிடம் பொன்னைக் கொடுத்தது. அதனால் அந்தப் பொன் தாலியாகவில்லை, பெண் வீட்டார் போட வேண்டிய சவரன்களில் ஒன்றாகிவிட்டது. ஏழையின் சுமையைக் குறைக்க வந்த 8 கிராம், பேரம் பேசுகிறவர்களுக்கு முன்கூட்டியே தெரிந்த 8 கிராம் ஆனது. யாழ்ப்பாணத்தில் இந்தக் குழப்பம் இருக்காது. அங்கே கல்யாணத்துக்கு முன் நல்ல நாள் பார்த்து மாப்பிள்ளை வீட்டில் பொன்னுருக்கு நடக்கும். ஆசாரி எல்லோர் கண்முன்னும் பொன் நாணயத்தை உருக்கித் தாலிக்குப் பிள்ளையார்சுழி போடுவார். தாலிக்கொடி மாப்பிள்ளை செலவு. அதற்குப் பதிலாகச் சீதனமாக வீடும் காணியும் பெண் வீட்டிலிருந்து போகும் என்பது தனிக் கதை. தேசவழமைச் சட்டப்படி அந்தக் காணியைப் புருஷன் சம்மதம் இல்லாமல் அவளால் விற்க முடியாது என்பது அதைவிடத் தனிக் கதை.

கல்யாணத்துக்கு நாற்பது நாள் முன்பே விண்ணப்பம் கொடுக்க வேண்டும். வருமானச் சான்று (ஆண்டுக்கு 72,000 ரூபாய்க்குள்), மதிப்பெண் பட்டியல், கல்யாணப் பத்திரிகை எல்லாம் இணைத்தார்கள். விண்ணப்பத்தில் அப்பா பெயர் இருந்தது. ஏழைப் பெற்றோருக்கு உதவுவதுதான் திட்டத்தின் நோக்கம் என்று அரசே சொன்னதால் அதில் தவறு காண முடியாது. கல்யாணம் 2017இல் முடிந்தது. தங்கம் வரவில்லை. சொல்லிவைத்த எட்டில் ஒன்று குறைகிறதே என்று மாமியார் வாரத்துக்கு ஒரு முறை நினைவுபடுத்தினாள். மாநிலம் முழுக்க இதே கதைதான். விண்ணப்பங்கள் லட்சக்கணக்கில் தேங்கின. மேடையில் மந்திரி கையால் தாலித் தங்கம் வாங்க வந்த பெண்களின் இடுப்பில் குழந்தை இருந்ததைப் பத்திரிகைப் படங்களில் பார்த்திருப்பீர்கள். நம் மூத்தவளும் 2019இல் குழந்தையோடு போய்த்தான் வாங்கினாள். கையெழுத்து அவள் போட்டாள். வாங்கிய காகிதத்தில் முதல் முறையாக அவள் பெயர் வந்தது.

நாணயம் நாணயமாக அந்த வீட்டில் இருந்தது மிகச் சில நாள். விற்றுவிட்டுக் கல்யாணக் கடனை அடைக்கலாம் என்றார் கணவர். பேத்திக்குக் காதுகுத்து வருகிறது, தோடும் வளையலும் செய்யலாம் என்றாள் மாமியார். மஞ்சள் கயிற்றில் கிடக்கிற தாலிக்கு ஒரு சரடு வேண்டும் என்றாள் அம்மா. அம்மா ஜெயித்தாள், அதுவும் அரைகுறையாக. நகைக்கடையில் நாணயத்தை எடைபோட்டு விலை சொன்னார்கள். புதுச் சரடுக்கு செய்கூலி, சேதாரம், மூன்று சதவிகித ஜி.எஸ்.டி. எல்லாம் சேர்ந்தது. கையிலிருந்து பணம் போடாமல் மாற்றினால் ஏழு கிராம் சொச்சத்தில் மெல்லிசாக ஒரு சரடு கிடைக்கும் என்று கணக்குப் போட்டுக் காட்டினார் கடைப் பையன். அப்படியே வாங்கினார்கள். அரசின் தங்கம் தாலியைத் தொட்டது அன்றைக்குத்தான், ஏறக்குறைய ஒரு கிராம் இளைத்துப்போய்.

ஒரு பௌர்ணமி வெள்ளிக்கிழமை சாயங்காலம் அந்தச் சரடு மாசிலாமணீஸ்வரர் கோயிலுக்குப் போனது. காலையில் மேலூர்த் திருவுடையம்மன், உச்சியில் திருவொற்றியூர் வடிவுடையம்மன், மாலையில் திருமுல்லைவாயில் கொடியிடையம்மன் என்று ஒரே நாளில் மூன்று அம்மனையும் பார்ப்பது சென்னைப் பெண்களின் வழக்கம். தாலி பாக்கியத்துக்காகத்தான் பாதிப் பேர் வருகிறார்கள். தொண்டைமானின் யானைக் காலைச் சுற்றிய முல்லைக் கொடி, வாள் வெட்டில் ரத்தம் கசிந்த லிங்கம், புழல் கோட்டையிலிருந்து வந்த எருக்கந்தூண்கள் ஆகியவற்றைக் கோயில் வாசலில் எல்லோரும் சொல்வார்கள். சுந்தரர் கதையை அவ்வளவாகச் சொல்வதில்லை. திருவொற்றியூரில் சங்கிலியாரைக் கல்யாணம் செய்தபோது உன்னைப் பிரிய மாட்டேன் என்று சத்தியம் செய்து கொடுத்தவர் அவர். சத்தியத்தை மீறிக் கிளம்பியதும் ஊர் எல்லையிலேயே கண் போனது. கண் தெரியாமல் தட்டுத் தடுமாறி வந்து பதிகம் பாடிய முதல் தலம் இந்தத் திருமுல்லைவாயில்.

அவருடைய மூத்த தாரத்தின் கதை நம் விஷயத்துக்கு இன்னும் நெருக்கம். திருவாரூரில் பரவையாரின் பங்குனி உத்திரச் செலவுக்குப் பணம் வேண்டும். புருஷனுக்கு வருமானம் இல்லை. சிவனிடம் போய்க் கேட்கிறார். திருப்புகலூரில் தலைக்கு வைத்துப் படுத்த செங்கல் பொன்னாகிறது. திருமுதுகுன்றத்தில் 12,000 பொன் கிடைக்கிறது. அதை மணிமுத்தாற்றில் போட்டுத் திருவாரூர்க் கமலாலயக் குளத்தில் எடுத்துக்கொள் என்று உத்தரவு. வழியில் மாற்றுக் குறைந்துவிடுமோ என்று சந்தேகப்பட்டு முன்கூட்டியே மச்சம் வெட்டி எடுத்துவைத்துக்கொள்கிறார் தம்பிரான் தோழர். குளக்கரையில் அதை உரைத்துப் பார்த்த பிள்ளையாருக்கு மாற்றுரைத்த பிள்ளையார் என்றே பெயர். சாமி கொடுத்த பொன்னாக இருந்தாலும் பெண்டாட்டி கையில் கொடுக்கும் முன் உரைகல் வேண்டியிருக்கிறது.

நம் சரடு உரைகல்லைப் பார்த்தது 2020இல். மார்ச் 25 முதல் ஊரடங்கு. எஸ்டேட் முழுக்க மூடல். பட்டறைக்காரர் முதல் மாதம் பாதிச் சம்பளம் கொடுத்தார், அடுத்த மாதம் ஒன்றும் இல்லை. கடைகள் திறந்ததும் மூத்தவள் சேட்டுக் கடைக்குப் போனாள். நகை வாங்கக் குடும்பமே கிளம்பிப் போகும், புடவை மாற்றிக்கொண்டு, குழந்தைக்கு ஜூஸ் வாங்கிக் கொடுத்து. அடகு வைக்கப் பெண்டாட்டி தனியாகப் போக வேண்டும். ஆம்பளை போய் நின்றால் மரியாதை போய்விடுமாம்.

கம்பிக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த பெரியவர் ராஜஸ்தானிலிருந்து வந்த மூன்றாம் தலைமுறை. தமிழ் நம்மைவிடச் சரளம். “இன்னாம்மா, தாலிச் சரடா? வேற எதுவும் இல்லியா?” என்றார். தாலிச் சரடு என்றால் எல்லாம் போன பிறகு கடைசியாக வருவது என்று அவருக்குத் தெரியும். “இதான்ணா இருக்குது” என்றாள். கறுப்பு உரைகல்லில் சரடின் ஓரத்தை ஒரு இழுப்பு இழுத்தார். மஞ்சள் கோட்டின் மேல் அமிலம் ஒரு சொட்டு. கோடு கரையாமல் நின்றது. எலக்ட்ரானிக் தராசில் எண்கள் ஓடி நிலைத்தன. அழுக்கு, கொக்கிப் பற்று என்று சொல்லிப் பின்னக் கணக்கைத் தம் பக்கம் தள்ளிக்கொண்டார். முதல் மாத வட்டியைப் பிடித்துக்கொண்டு மிச்சத்தை எண்ணி வைத்தார். சீட்டில் அவள் பெயர், அதற்குக் கீழே க/பெ என்று கணவர் பெயர், பொருள், எடை, மதிப்பு, தேதி. பின்பக்கத்தில் ஒரு வருடம் ஏழு நாள் கெடு என்பது பொடி எழுத்தில். தாலியை உருவிக்கொண்டு சரடைக் கொடுத்த இடத்திலேயே மஞ்சள் கயிறு ஒன்றைக் கட்டிக்கொண்டாள். தாலியையும் சேர்த்து வைக்க நேர்ந்த பெண்கள் அந்தக் கயிற்றில் ஒரு மஞ்சள் கிழங்கைக் கோத்துக்கொள்வார்கள். அவளுக்கு அந்த அளவுக்குப் போகவில்லை.

அந்தச் சீட்டைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். விண்ணப்பத்தில் அப்பா பெயர், ரேஷன் கார்டில் கணவர் படம், வாடகை ஒப்பந்தத்தில் மாமனார். கடன்பட்டவள் என்று எழுத வேண்டிய இடத்தில் மட்டும் அவள் பெயர் முதல் வரியில் வருகிறது. வாங்கிய பணம் வாடகைக்கும் பைக் தவணைக்கும் போனது. வட்டி கட்டுவது அவள் வேலை, நகை அவளுடையதுதானே.

அமெரிக்காவில் இதற்கு நேர்மாறான ஒரு ஏற்பாடு உண்டு. அங்கே கல்யாணத்துக்கு முன் பொருள் கொடுப்பவன் ஆண். வைர மோதிரம். டி பீர்ஸ் கம்பெனியும் அதன் விளம்பரக்காரர்களும் 1930களின் கடைசியிலிருந்து அதை வழக்கமாக்கினார்கள். வைரம் என்றென்றைக்கும் என்ற புகழ்பெற்ற வாசகத்தை 1947இல் எழுதிய பிரான்சிஸ் ஜெரட்டி கல்யாணமே செய்துகொள்ளாத பெண். மார்கரெட் பிரினிக் என்ற சட்டப் பேராசிரியர் 1990இல் இதற்கு வேறொரு காரணம் சொன்னார். கல்யாணம் செய்வதாகச் சொல்லி ஏமாற்றியவன்மேல் பெண் வழக்குப் போடும் உரிமையை 1930களில் பல மாநிலங்கள் எடுத்துவிட்டன. சட்டம் கைவிட்டதும் முன்பணமாக மோதிரம் வந்தது என்பது அவர் வாதம். ஆனால் அந்த மோதிரத்தை விற்கப் போனால் வாங்கிய விலையில் பாதி தேறினால் அதிர்ஷ்டம். கடன் விஷயத்தில் நிலைமை இன்னும் மோசம். 1974இல் சமக்கடன் வாய்ப்புச் சட்டம் வரும்வரை மனைவி கேட்கும் கடனுக்குப் புருஷன் கையெழுத்து வேண்டும் என்று அங்கே வங்கிகள் கேட்கலாம், கேட்டன. அதே 1974இல் திருமுல்லைவாயிலில் எழுதப் படிக்கத் தெரியாத ஒரு கிழவி, கட்டைவிரல் ரேகை வைத்து, யார் கையெழுத்தும் இல்லாமல் அரை மணி நேரத்தில் கடன் வாங்கியிருப்பாள். நம் பெண்களின் சுதந்திரம் என்று இதைக் கொண்டாட எனக்கு மனம் வரவில்லை. கடன் வாங்கும் சுதந்திரம் அவளுக்கு, செலவழிக்கும் சுதந்திரம் வேறொருவருக்கு. அமெரிக்கக் குடும்பங்களிலும் இது ஒரேயடியாக மாறிவிடவில்லை. பியூ ஆய்வு மையத்தின் 2023 கணக்குப்படி கணவனும் மனைவியும் ஏறக்குறைய சமமாகச் சம்பாதிக்கும் தம்பதிகள் 29 சதவிகிதம். கணவனே முக்கியச் சம்பாத்தியக்காரராக இருப்பது 55 சதவிகிதம்.

2021இல் புது அரசு வந்தது. கூட்டுறவு வங்கிகளில் 5 சவரன் வரை அடகு வைத்த நகைக்கடன் தள்ளுபடி என்று செப்டம்பரில் அறிவித்தார் ஸ்டாலின். தெருவில் பட்டாசு வெடிக்காத குறை. சேட்டுக் கடைச் சீட்டுக்குத் தள்ளுபடி இல்லை. மூத்தவளுக்கு அது புரிந்தே இருந்தது, ஆனாலும் சீட்டை எடுத்துப் பார்த்துவிட்டு உள்ளே வைத்தாள். பக்கத்து வீட்டுக்காரி கூட்டுறவில் வைத்திருந்தாள். அவளுக்கும் சிக்கல். தள்ளுபடி பெண்ணுக்கு இல்லை, குடும்பத்துக்கு. ரேஷன் கார்டு ஒன்றுக்கு 5 சவரன். மாமியாருடையதையும் மருமகளுடையதையும் கூட்டினால் ஐந்தைத் தாண்டிவிட்டது. அதே வருடம் மாதம் 1,000 ரூபாய் உரிமைத் தொகை வரப்போகிறது என்று பேச்சு கிளம்பியதும், கார்டில் குடும்பத் தலைவர் படத்தை மாற்ற இ-சேவை மையங்களில் பெண்கள் கூட்டமாக நின்றார்கள். தேவையில்லை என்று அரசு அறிவித்த பிறகும் நின்றார்கள். தொகை 2023 செப்டம்பர் 15இல்தான் வந்தது. அதற்காக மட்டும் அவர்கள் நின்றார்கள் என்று நான் நம்பவில்லை.

ஏலத்துக்குப் போவதற்குள் மகளிர் குழுக் கடன் வாங்கிச் சரடை மீட்டாள். அதாவது ஒரு கடனை இன்னொரு கடனாக மாற்றினாள். எக்ஸ்போர்ட் வேலைக்குத் திரும்பியிருந்ததால் தவணை தவறவில்லை.

சட்டத்தில் அந்தச் சரடு அவளுடையது மட்டுமே. கல்யாணத்தின்போதும் பிறகும் பெண்ணுக்கு வந்த நகை அவளுடைய முழுச் சொத்து, புருஷன் வீட்டார் அதைக் காவல் காப்பவர்கள்தான் என்று 1985இல் பிரதிபா ராணி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2024 ஏப்ரலில் கேரள வழக்கு ஒன்று அங்கே போனது. கல்யாண ராத்திரியே பெண்ணின் 89 சவரனைப் பத்திரமாக வைப்பதாக வாங்கி அம்மாவிடம் கொடுத்திருக்கிறார் மாப்பிள்ளை, எல்லாம் பழைய கடனில் கரைந்துவிட்டது. 25 லட்ச ரூபாய் கொடுக்கச் சொன்னது நீதிமன்றம். கஷ்டகாலத்தில் புருஷன் அதை எடுத்துப் பயன்படுத்தலாம், ஆனால் திருப்பித் தருவது அவன் கடமை என்றும் சொன்னது. அந்தக் கேரளப் பெண்ணுக்குக் கல்யாணம் ஆனது 2003இல். இதற்கிடையில் 2023 ஜூனில் நம் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி கிருஷ்ணன் ராமசாமி இன்னொரு பக்கத்திலிருந்து வந்தார். வெளிநாட்டில் வேலை பார்த்துக் கணவன் அனுப்பிய பணத்தில் வாங்கிய சொத்தில், இங்கே வீட்டைப் பார்த்துக்கொண்ட மனைவிக்கும் சரிபாதி உண்டு, அவள் வீட்டு வேலை இல்லாமல் அவன் சம்பாதித்திருக்க முடியாது என்றார். நகையைவிட இந்தத் தீர்ப்பு கனம் கூடியது என்று நினைக்கிறேன். ஆனால் நம் தெருவில் நகையைப் பற்றித் தெரியாதவர்கள் இல்லை, இந்தத் தீர்ப்பைப் பற்றித் தெரிந்தவர்களை இன்னும் பார்க்கவில்லை.

இளையவளுக்கு நாணயம் கிடையாது. 2022 மார்ச் பட்ஜெட்டில் தாலித் தங்கத் திட்டம் மாற்றப்பட்டது. ஆறாவது முதல் பன்னிரண்டாவது வரை அரசுப் பள்ளியில் படித்த பெண் கல்லூரியில் சேர்ந்தால் மாதம் 1,000 ரூபாய் அவள் வங்கிக் கணக்கிலேயே போய் விழும். புதுமைப் பெண் என்று அழைத்தார்கள். அம்மையாரின் பெயரை விடவில்லை, உயர்கல்வி உறுதித் திட்டம் என்று மட்டும் மாற்றினார்கள். 2022 செப்டம்பர் 5ஆம் தேதி வடசென்னை பாரதி மகளிர் கல்லூரியில் தொடங்கினார்கள். மூன்று வருடப் படிப்புக்கு 36,000 ரூபாய். அந்த மாதத்து விலைக்குக் கிட்டத்தட்ட ஒரு சவரன். அரசு தங்கத்தின் அளவை மாற்றவில்லை, கூடக் கொடுத்த ரொக்கம்தான் போனது. கொடுக்கும் இடத்தை மணமேடையிலிருந்து வகுப்பறைக்கு நகர்த்தியது, விண்ணப்பத்தில் அப்பாவை எடுத்துவிட்டு மகளை எழுதியது. என்னைக் கேட்டால் இந்த நாணயத்தின் பயணத்தில் அரசு செய்த ஒரே பெரிய காரியம் அந்தப் பெயர் மாற்றம்தான். தாலித் தங்கத்தை நிறுத்திவிட்டார்களே என்று பெண் வீட்டார் அழுத அழுகையும் எனக்குப் புரிகிறது. மாப்பிள்ளையின் அத்தைகள் இன்னும் அதே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்.

பிறகு தங்கம் தறிகெட்டு ஓடியது. 2025 அக்டோபரில் சவரன் 90,000 ரூபாயைத் தாண்டியது. அந்த வருடம் ஏப்ரலில் ரிசர்வ் வங்கி நகைக்கடனுக்குப் புது விதிகளின் வரைவை வெளியிட்டு, நகை உங்களுடையதுதானா என்பதற்கு ஆதாரம் வேண்டும் என்றது. பாட்டி போட்ட நகைக்கு ரசீது எங்கே போய்த் தேடுவது என்று தமிழ்நாடு கொதித்தது. முதலமைச்சரே கடிதம் எழுதினார். ஜூனில் இறங்கி வந்தார்கள். ரசீது இல்லையென்றால் உங்களுடையது என்று நீங்களே எழுதிக் கையெழுத்துப் போட்டால் போதும். இரண்டரை லட்சத்துக்குள் கடன் என்றால் மதிப்பில் 85 சதவிகிதம் வரை தரலாம். அந்த ‘நீங்கள்’ யார் என்பதுதான் பாக்கி. சரடு இப்போது ஒரு வங்கிப் பெட்டகத்தில் இருக்கிறது. இளையவளின் கடைசி வருட புராஜக்டுக்கும் பட்டறைக்காரரிடம் பாதிப் பங்கு போட்டு வாங்கிய ஒரு பழைய மெஷினுக்கும் சேர்த்து வைத்தது. அந்த வங்கியில் சம்பளக் கணக்கு இருப்பது கணவருக்கு. உறுதிமொழியில் அவர் கையெழுத்துப் போட்டார். வேறு வங்கிக்குப் போய்ப் புதுக் கணக்குத் தொடங்க ஒரு நாள் லீவு போட வேண்டும், லீவு போட்டால் அட்டெண்டன்ஸ் போனஸ் போகும் என்று மூத்தவள் கணக்குப் பார்த்தாள். 2019இல் அரசு அவள் கையில் கொடுத்த பொருள், காகிதத்தில் கைமாற ஒரு போனஸ் போதுமானதாக இருந்தது.

இளையவளின் மாதாந்திர 1,000 ரூபாய் கணக்கில் விழுந்த மறுநாள் அம்மா அதை எடுக்கச் சொல்வாள். தி.நகரிலுள்ள ஒரு பெரிய நகைக்கடையின் ஆவடிக் கிளையில் நகைச் சீட்டு. பதினோரு தவணை. பன்னிரண்டு மாதத்தைத் தாண்டினால் கம்பெனிச் சட்டத்தில் டெபாசிட் என்று ஆகிவிடும் என்பதால் பெரும்பாலான கடைகள் பதினொன்றோடு நிறுத்திக்கொள்ளும். தொகையாகச் சேரும் சீட்டு அது. 2025 அக்டோபரில் முடிந்தபோது கையில் 11,000 ரூபாய், ஒரு கிராம் அதைவிட விலை. மிச்சத்தை அம்மா தன் உரிமைத் தொகையிலிருந்து போட்டு ஒரு கிராமில் காசு வாங்கினாள். ரசீதில் இளையவள் தன் பெயரை எழுதச் சொன்னாள், அப்பா பெயர் வேண்டாம் என்றாள். கடைப் பையன் இனிஷியல் மட்டும் கேட்டான். அடுத்த மாதத்திலிருந்து அந்த 1,000 ரூபாயைத் தான் வைத்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறாள், டைப்ரைட்டிங் ஹையர் பரீட்சைக்குக் கட்ட வேண்டுமாம். அம்மா இன்னும் சம்மதிக்கவில்லை.